"சூப்பர்" என்று எழுதினால் போதுமா?

கேள்வி: நானும் என் நண்பனும் முதல்முறையாக 48 மணி நேரத்தில் ஒரு கேமை உருவாக்கும் கேம் ஜாம் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு ஒரு சின்ன கேம் செய்து அனுப்பினோம். இப்போது மற்றவர்களின் கேம்களை விளையாடி, மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுத வேண்டும். பல கேம்கள் அரைகுறையாக இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் மனம் நோகுமே என்று எல்லோருக்கும் "சூப்பர், நல்லா இருக்கு" என்றே எழுதி வருகிறேன். இது சரியா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: இரண்டே நாளில் ஒரு கேமை முடித்து அனுப்பியதற்கு முதலில் வாழ்த்துகள். பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

உங்கள் கேமுக்கு வந்த கருத்துகளை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் நாலைந்து "சூப்பர்" இருக்கும். படிக்கும்போது சந்தோஷம்தான். அப்புறம் எதைத் திருத்துவது? என் முதல் ஜாம் கேமுக்கு வந்தவற்றில் எனக்கு இன்றும் நினைவிருப்பது ஒன்றுதான்: "இரண்டாவது அறையில் சிவப்புக் கதவைத் தொட்டால் செத்துவிடுவேன் என்று நினைத்து ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தேன்." வெளியே போக அந்தக் கதவுதான் வழி. முட்களுக்குப் பூசிய அதே சிவப்பை நான் கதவுக்கும் பூசியிருந்தேன். எத்தனையோ முறை விளையாடியும் அது என் கண்ணில் படவில்லை. அவர் தனக்கு நடந்ததை அப்படியே சொன்னார், அவ்வளவுதான்.

நீங்களும் அதையே செய்யுங்கள். "ஜம்ப் சரியில்லை" என்றால் செய்தவருக்கு ஒன்றும் புரியாது, வருத்தம்தான் மிஞ்சும். "மூன்றாவது திரையில், பள்ளத்தின் விளிம்பில் ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், தாவாமல் ஆறு முறை விழுந்தேன்" என்று எழுதுங்கள். கேம் செய்பவருக்கு உடனே பொறி தட்டும். நம் விரல் கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டுகிறது. அதற்குள் பாத்திரத்தின் கால் தரையை விட்டிருக்கும். அதனால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் தாவ விடுவது வழக்கம். கொயோட்டி டைம் என்பார்கள். செலஸ்டே கேமில் அந்தச் சலுகை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நாலு வரி கோடில் தீர்ந்துவிடும் விஷயம், ஆனால் எங்கே விழுந்தீர்கள் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

கஷ்டமான கேம் என்றால் எந்த இடத்தில் எத்தனை முறை செத்தீர்கள், எங்கே விளையாட்டை விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். செய்தவருக்குத் தன் கேம் மனப்பாடம். புதிதாக ஒருவர் எங்கே திணறுவார் என்று அவரால் ஊகிக்க முடியாது. கேம் ஓடவே இல்லையா? எந்த பிரவுசர், எந்தக் கட்டத்தில் உறைந்தது என்று குறித்து அனுப்புங்கள். சத்தம் இல்லை, மெனு இல்லை என்பதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம். நேரம் போதாமல் விட்டிருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியும்.

அரைகுறை என்கிறீர்கள். பாபா இஸ் யூ 2017-ல் நார்டிக் கேம் ஜாமில் செய்த சின்ன கேம்தான். முழு கேமாக வெளிவந்தது 2019-ல். விதிகளையே வார்த்தைக் கட்டைகளாக வைத்து, அவற்றைத் தள்ளி மாற்றலாம் என்ற அந்த ஒரு யோசனை ஜாமிலேயே இருந்தது. செலஸ்டேவும் முதலில் பிகோ-8 என்ற, சின்னச் சின்ன கேம்கள் செய்யும் மென்பொருளில் நான்கே நாளில் செய்யப்பட்டது. அதனால் நீங்கள் விளையாடும் கேமில் உயிரோட்டமாக இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். கிடைத்தால் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "தன் நிழலையே படியாக ஏறும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்." இதுவும் முழு உண்மைதானே! எதைக் கைவிடக் கூடாது என்று செய்தவருக்குத் தெரிய வேண்டும்.

மனம் நோகும் என்ற உங்கள் பயம் நல்ல பயம்தான். ஆனால் "சோம்பேறித்தனம்", "இதெல்லாம் ஒரு கேமா" என்று ஆளைத் தொடும்போதுதான் நோகும். நீங்கள் எங்கே தடுக்கி விழுந்தீர்கள் என்று படித்து யாரும் அழப்போவதில்லை. இத்தனையும் எழுதினால் ஒரு கேமுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், உண்மைதான். ஐம்பது கேமுக்கு "சூப்பர்" போடுவதை விட்டுவிட்டு எட்டு கேமுக்கு இப்படி எழுதுங்கள்.

அந்த எட்டையும் குறைவான பேர் விளையாடிய கேம்களிலிருந்து எடுங்கள். லூடம் டேர் போன்ற ஜாம்களில் குறைந்தது 20 பேராவது மதிப்பெண் போட்டால்தான் ஒரு கேம் தரவரிசைக்கே வரும். மூன்று பேர் மட்டும் விளையாடிய கேமைச் செய்தவர், நாலாவது ஆளுக்காக இன்று இரவும் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.