பல் டாக்டரிடம் போகப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள், கடைசியில் போனபோது என்ன நடந்தது?

ஒன்பது வருடம் தள்ளிப்போட்டேன். கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல். வீடு சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்.

ஏழாவது படிக்கும்போது வீங்கிப்போன ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. அந்த வலியும் குறடு பிடித்த சத்தமும் மனதைவிட்டுப் போகவே இல்லை.

2014-ல் இந்தப் பல்லில் சொத்தை விழுந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீரென்று இழுக்கும். பிறகு ராத்திரி படுத்தாலே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அம்மா லவங்க எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து வைப்பார். மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்டினேன். 2017 வாக்கில் வலி தானாகவே நின்றது. சரியாகிவிட்டது என்று நம்பினேன். உண்மையில் அப்போதுதான் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்திருக்கிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. ஆனால் கிருமி வேர் வழியாக இறங்கி, தாடை எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். உங்கள் பல்லும் வலித்து நின்றுபோனது என்றால், தயவுசெய்து இன்றே காட்டுங்கள்.

2023-ல் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போய் வந்த மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. "கண்ணு வரைக்கும் ஏறிக்கினு போவுது, இன்னும் இன்னாத்துக்குடா உக்காந்துக்கினு கீற?" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று திட்டுவார்களோ என்று, வலியைவிட அதற்குத்தான் கூசிப் போயிருந்தேன். அந்த டாக்டரம்மா திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன், முழுசாகக் கேட்டார். "சீழ் பிடிச்ச இடத்துல மரத்துப்போற மருந்து சரியா வேலை செய்யாதுங்க. அன்னைக்கு உங்களுக்கு அதான் ஆகியிருக்கும்" என்றார். இருபத்தைந்து வருடமாகச் சுமந்த பயத்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. நாற்காலியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குப் பல்லில் ஓட்டை போட்டுச் சீழை வடியவிட்டு, ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. வீக்கம் வடிந்த பிறகு ரூட் கெனால். ஊசி போட்டதும் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், மருந்தில் அட்ரினலின் கலந்திருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். தூக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வேர்க் குழாய்களையும் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்தபோது அம்மாவின் லவங்க வாசனை வந்தது. அந்த அடைப்பு மருந்தில் லவங்க எண்ணெயின் சத்துதான் இருக்கிறதாம். இன்னும் இரண்டு தடவை போனேன். கடைசியில் பல் உடையாமலிருக்க கேப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து எனக்கு 8,500 ரூபாய் ஆனது. ஆரம்பத்திலேயே போயிருந்தால் வெறும் அடைப்போடு முடிந்திருக்கும்.

வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இப்போது அம்மாவுக்கு மேல்பல் ஆடுகிறது. பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்கிறார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், அதே டாக்டரிடம் அழைத்துப் போக.