கலர் லைட் செத்தால் யார் முதலில்?

கேள்வி: அண்ணே, நான் ஹட்டன் பக்கம் வேன் ஓட்டுகிறேன். நம்ம ஊர்ப் பக்கம் கலர் லைட்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனேன், அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. ஒரு சந்தியில் லைட் ஒன்றும் எரியவில்லை, பொலிஸும் இல்லை, நாலு பக்கமும் ஹோர்ன். நான் நடுவில் போய் மாட்டிக்கொண்டேன், பின்னாலும் போக முடியவில்லை. கனடாவில் இருக்கிற மச்சானிடம் சொன்னால், அங்கே லைட் செத்தால் எல்லாரும் நின்று ஒவ்வொருவராகப் போவோம் என்கிறான். இங்கே யார் முதலில் போகவேண்டும்?

பதில்: தம்பி, மச்சான் சொன்னது பொய்யில்லை. ஒன்டாரியோவில் அணைந்துபோன லைட்டை நாலு பக்கமும் ஸ்டொப் போர்ட் போட்ட சந்தி மாதிரி நினைத்து ஓட்டவேண்டும். எல்லாரும் முழுசாக நிற்க வேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கத்து ஆளுக்கு வழி. அது அங்கே நடப்பதற்குக் காரணம் லைசன்ஸ் எடுக்கிற ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்கிறார்கள் என்பதுதான். கண்டியில் நீங்கள் ஒருவர் மட்டும் அந்தக் கணக்கில் "இப்போது என் முறை" என்று வண்டியை எடுத்தால், எதிரில் வருகிற பஸ்காரருக்கு உங்கள் மச்சானைத் தெரியாது.

அதனால் யார் முதலில் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். பச்சை எரிகிறபோது அது உங்களுக்கு ஒரு உரிமையைக் கொடுக்கிறது, லைட் செத்தால் அந்த உரிமையும் சேர்ந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது பழைய பழக்கங்கள்தான்: சின்ன ரோட்டில் இருந்து வருபவர் பெரிய ரோட்டுக்கு வழி விடுவது, சுற்றுவட்டத்தில் செய்கிற மாதிரி வலப்பக்கம் வருபவருக்கு வழி விடுவது. வலப்பக்கத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு, ஆகவே குறுக்கே வருகிற வண்டிகளில் வலப்பக்கமாக வருபவர்தான் நமக்குக் கிட்டிய பாதியில் வருவார், முதலில் இடிபடப்போவது அவரோடுதான். அதற்காக இடப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம், இடப்பக்கத்துப் பார்வையை முன் சீட்டில் இருக்கிறவரின் தலையும் கண்ணாடிக்கு ஓரத்துத் தூணும் மறைத்துவிடும். ஒரு முழு மோட்டார்சைக்கிள் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, உடம்பையே கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பாருங்கள்.

வேகம்தான் பெரிய விஷயம். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர், பிரேக்கில் கால் வைக்கலாம் என்று மூளைக்கு எட்டுவதற்குள்ளேயே ஒரு பஸ் நீளம் ஓடிவிடும். சந்திக்குள் நுழையும்போது இரண்டாவது கியர், மிஞ்சினால் 15, அவ்வளவுதான். மழை என்றால் இன்னும் கீழே.

நீங்கள் நடுவில் மாட்டியதற்கு லைட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் உங்கள் வேன் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்க்காமல், முன்னால் போன வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் செய்திருக்கிறேன், மரக்கறி லொறியோடு. பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் சரி, எதிர்ப்பக்கம் ஒரு வண்டி இடம் காலியாகத் தெரிகிற வரை கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

இன்னொன்று, நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு சிக்னலையும் ஒன்றாகப் போடுகிற பழக்கம். தயவுசெய்து வேண்டாம். பக்கவாட்டில் இருந்து பார்ப்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும், அவர் நீங்கள் திரும்பப்போவதாக நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போகிறவனுக்குச் சிக்னலே தேவையில்லை.

கேள்வி: எல்லா லைட்டும் அணைந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் எரியாமல் இருந்தால்? — பண்டாரவளை வாசகர்

பதில்: இது கரண்ட் கட்டை விட மோசம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனதே, அன்று எல்லாப் பக்கமும் இருட்டு, ஆகவே எல்லாருக்கும் பயம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் செத்தால் நீங்கள் வெறும் கம்பத்தைப் பார்க்கிறீர்கள், குறுக்கே வருபவர் பச்சையைப் பார்த்துக்கொண்டு எந்தச் சந்தேகமும் இல்லாமல் வருகிறார். உங்களுக்கு எரியவில்லை என்றால் அதைச் சிவப்பு என்றே வைத்துக்கொண்டு நில்லுங்கள். குறுக்கு ரோட்டு வண்டிகள் எப்போது போகின்றன, எப்போது நிற்கின்றன என்று ஒரு சுற்றுப் பார்த்தால் உங்கள் நேரம் தெரிந்துவிடும். கரண்ட் திரும்பி வருகிற நிமிடத்திலும் இதே ஆபத்துதான், பாதிப் பேர் லைட் வந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அண்ணா, நான் புசல்லாவைப் பக்கம், ஸ்கூட்டி ஓட்டப் பழகி நாலு மாதம். தோட்டத்து ரோட்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது பஸ் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுகிறது. என்னைப் போகச் சொல்கிறதா, நிற்கச் சொல்கிறதா?

பதில்: தங்கச்சி, அது அந்த ட்ரைவருக்கு மட்டும்தான் தெரியும். நம்ம நாட்டில் அநேகமாக "நான் வாறேன், வராதே" என்றுதான் அர்த்தம். ஆனால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விடுவது மலைநாட்டுப் பழக்கம் இல்லையா, அந்த மாதிரி இடத்தில் அதே லைட்டை "நீ வா" என்றும் அடிப்பார்கள். ஆகவே லைட்டை விட்டுவிட்டு பஸ்ஸின் முன் சக்கரத்தைப் பாருங்கள். உருளுவது நின்று, ட்ரைவரும் கையைக் காட்டினால் போகலாம். அப்போதும் மெதுவாக, ஏனென்றால் நிற்கிற பஸ்ஸை வலப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு த்ரீவீல் கட்டாயம் வரும். இதை நான் பந்தயம் கட்டியே சொல்வேன்.

பனிமூட்டம் என்றால் லைட்டைக் கீழே இறக்கிப் போடுங்கள், மேலே போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இஞ்சினை நிற்பாட்டி ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாலும் தப்பில்லை. கொழுந்து லொறி வளைவுக்கு வருமுன்னே சத்தம் வந்துவிடும்.

கேள்வி: பொலிஸ்காரர் கை காட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குள் லைட் வந்து எனக்குப் பச்சை எரிகிறது. எதைக் கேட்பது? — பதுளை வாசகர்

பதில்: கையைத்தான். அவர் இறங்கிப் போகிற வரை லைட் எரிவதாகவே நினைக்க வேண்டாம்.