தளம் ஓடுகிறதே, பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய புடவைக் கடை நடத்துகிறேன். 2019இல் ஒரு தம்பி எங்களுக்கு வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்து தந்தார். கனடாவிலிருந்துகூட ஓடர் வருகிறது. போன கிழமை அவர் வந்து, "தளம் பிஎச்பி 7.4இல் இருக்கிறது, 8.3க்கு மாற்ற வேண்டும், 45,000 ரூபாய் ஆகும்" என்றார். தளமோ ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் இது காசு பறிக்கும் வேலை என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். அந்தத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. எவ்வளவு, எதற்கு என்பதில்தான் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்.

பிஎச்பி உங்கள் தளத்தின் அடியில் ஓடும் நிரல்மொழி. புடவையின் விலையை எடுத்துக் காட்டுவதும் வாங்குபவரின் முகவரியைப் பதிவதும் அதன் வேலை. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28ஆம் திகதியோடு நின்றுவிட்டன. அதன் பிறகு தெரியவந்த ஓட்டை எதையும் பிஎச்பியை உருவாக்குபவர்கள் உங்கள் பதிப்பில் அடைப்பதில்லை. ஒழுங்காக ஓடுவதை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. கள்ளச்சாவி செய்யப்பட்ட பூட்டும் ஒழுங்காகத்தான் பூட்டும்.

2024 ஜூனில் நடந்ததை அந்தக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். விண்டோஸ் கணினிகளில் ஓடும் பிஎச்பியில், வெளியாள் தன் கட்டளையை உள்ளே அனுப்பி ஓடவைக்கக்கூடிய ஓட்டை ஒன்றைத் தாய்வானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர் கண்டுபிடித்தார். 2012இல் அடைத்த அதே ஓட்டைக்குள் வேறு வழியாக நுழையலாம் என்று தெரிந்தது. ஜூன் 6ஆம் திகதி 8.1.29, 8.2.20, 8.3.8 என மூன்று திருத்தப் பதிப்புகள் வந்தன. ஓரிரு நாளிலேயே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்கும் கும்பல் ஒன்று அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 7.4க்குத் திருத்தம் வரவே இல்லை. உங்கள் தளம் விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓடும் சேர்வரில் (தளத்தை வைத்திருக்கும் கணினியில்) இருந்தால் இந்த ஓட்டை உங்களைத் தொடாது. ஆனால் அந்த ஓரிரு நாளை மறக்காதீர்கள். திருத்தம் வெளியாகும் நாளில்தான் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிகிறது.

இனிக் காசு. செட்டியார் தெருவில் நகை வாங்கும்போது தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறீர்கள் அல்லவா? இங்கே தங்கம் இலவசம். பிஎச்பிக்கு ஒரு சதமும் இல்லை. நீங்கள் கொடுப்பது முழுக்கச் செய்கூலி. 8.3.7இலிருந்து 8.3.8க்குப் போவது போன்ற சிறு மாற்றத்தை, தளத்துக்குச் சேர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனமே பெரும்பாலும் செய்துவிடும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏனென்று கேளுங்கள். 7.4இலிருந்து 8க்குத் தாவுவது அப்படியல்ல, உண்மையான வேலை. பழைய பிளகின்களில் (தளத்தில் சேர்த்த துணை நிரல்களில்) உள்ள சில கட்டளைகள் 8இல் நீக்கப்பட்டுவிட்டன. பூச்சியத்தையும் ஒரு சொல்லையும் ஒப்பிட்டால் 7.4 சமம் என்னும், 8 சமமல்ல என்னும். உங்கள் தள்ளுபடிக் கணக்கு அப்படி ஒரு வரியில் தங்கியிருந்தால் விலையே மாறிவிடும். அதனால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், அதற்கு நேரம் போகும்.

45,000 ரூபாய் நியாயமா என்று தளத்தைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. இன்னும் இருவரிடம் தளத்தைக் காட்டி விலை கேளுங்கள். முதலில் தளத்தின் பிரதி ஒன்றில் மாற்றிக் காட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஓடர் படிவம் பழுதானால் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டும் வேண்டும். இன்னொன்று: 8.3க்கான திருத்தங்கள் 2027 டிசம்பர் 31 வரை, 8.4க்கு 2028 டிசம்பர் 31 வரை. உங்கள் பிளகின்கள் இடங்கொடுத்தால் 8.4ஐக் கேளுங்கள். அதே செய்கூலிக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோஸ்டிங் கணக்கும் தளத்தின் பெயரும் யார் பெயரில் இருக்கின்றன? எனக்கு வரும் கடிதங்களில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்: காசு கொடுத்தவர் கடைக்காரர், சாவி இருப்பதோ தளம் செய்தவரின் மின்னஞ்சலில். அவர் வெளிநாடு போய்விட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இந்த 45,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். பில் போடும் மென்பொருளுக்காகக் கடைக் கணினியில் எக்ஸாம்ப் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தும் விற்பனையைப் பார்க்கிறேன். எங்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு, முதல் கேள்வி கேட்டவரைவிட உங்களுக்கே அவசரம் அதிகம். எக்ஸாம்ப் என்பது பிஎச்பியையும் அதோடு வேண்டியவற்றையும் சேர்த்து உங்கள் கணினியிலேயே நிறுவும் தொகுப்பு. மேலே சொன்ன 2024ஆம் ஆண்டு ஓட்டை, விண்டோஸில் எக்ஸாம்பை நிறுவியபடியே விட்டிருந்தால் பொருந்தக்கூடும். 2023இல் வந்த எக்ஸாம்ப் 8.2.12இல் உள்ள பிஎச்பிகூட அந்தத் திருத்தத்துக்கு முந்தியதுதான். எக்ஸாம்ப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நிரல் எழுதுபவர்கள் தம் கணினியில் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் அதை உருவாக்கினார்கள். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் திறந்துவைத்த வழியை இன்றே மூடச் சொல்லுங்கள். பில் விபரங்களை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பிறகு மென்பொருள் விற்றவரை அழைத்து எந்தப் பதிப்பு இருக்கிறது, எப்போது மாற்றுவார் என்று திகதியோடு கேளுங்கள்.