வீட்டோடவே இருந்த பாட்டிக்கு நினைவஞ்சலி நோட்டீஸ்ல என்ன எழுதறது?

காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்கணும், பாட்டி வேலைக்கெல்லாம் போகல, வீட்டோடவே இருந்தவங்க, ரெண்டு வரிக்கு மேல எழுத ஒண்ணுமில்லன்னு கேட்டிருக்கீங்க. நீங்கதான் வீட்ல படிச்ச ஆளுன்னு உங்க தலையில கட்டியிருப்பாங்க. எனக்கும் அதேதான் நடந்துச்சு, அதான் மனசு கேக்காம எழுதறேன்.

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டத்துல பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பாட்டிய ஆயான்னுதான் கூப்பிடுவோம். நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பத்து பேருக்குக் களி கிண்டுவாங்க. நொய் வெந்ததும் கேவுரு மாவைக் கொட்டி நடுவுல துடுப்பால குத்தி மூடி வேகவிட்டு, அப்புறம் பானைய எறக்கி காலால அணை கொடுத்துக்கிட்டு ரெண்டு கையாலயும் கிண்டணும், ஒரு கட்டி இருக்கக்கூடாது, ஈரக்கையால தொட்டா ஒட்டக்கூடாது. நான் இப்பவும் ஓசூர்ல ரெண்டு பேருக்குக் கிண்டினாலே தோள்பட்டை விட்டுப்போகுது. பொம்பளைய அடுப்படியில உக்கார வச்சுப் புகழறேன்னு யாராவது சண்டைக்கு வருவீங்க, நான் புகழல, அது எவ்வளவு வேலைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

மாசி பங்குனி வந்தா புளி. ஓடு உடைச்சு, நார் உரிச்சு, கொட்டை தட்டி எடுத்து கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கும்போது ஆயா திண்ணையில உக்காந்து தட்டிக்கிட்டே இருப்பாங்க, விரல் இடுக்கெல்லாம் புளி அரிச்சு வெடிச்சிருக்கும். நான் பாலிடெக்னிக் சேரும்போது அப்பா கையில காசில்ல. மாவு டப்பாவுக்குள்ள இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தாங்க. எங்க அக்கா நர்சிங் படிச்சதும் அந்தக் காசுலதான்.

இன்னொண்ணு சொல்லணும். ஆயாவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. எங்க பக்கம் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே கெடுதல்னு சொல்றாங்க, சின்ன வயசுல பல்லு உருவாகும்போதே ஏறின கறை, எவ்வளவு விளக்கினாலும் போகாது. இது தெரியாம வெளியூர்க்காரங்க பொகையிலை போடுவாங்களான்னு கேப்பாங்க. என் கல்யாணத்துல போட்டோ எடுக்க வந்தவர் "பாட்டி, வாய மூடிக்கிட்டு நில்லுங்க"ன்னார். நான் பக்கத்துலதான் மாலையோட நின்னேன், ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் ஆயா சிரிச்சா முந்தானை வாய்க்குப் போயிடும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்துச்சு, அதுக்குள்ள அந்தப் பழைய தண்ணியால அவங்களுக்கு முட்டியும் மடங்காமப் போயிடுச்சு. தர்மபுரின்னாலே தண்ணியில்லாக் காடு, ஆபீசருங்களுக்குத் தண்டனை ட்ரான்ஸ்ஃபர்னு இன்னும் பேசறாங்க பாருங்க, எனக்கு ரத்தம் கொதிக்கும். நீங்க மூணு வருஷம் இருந்துட்டுப் போறதுக்கே தண்டனைன்னா அங்கேயே பொறந்து அந்தத் தண்ணியவே குடிச்சவங்கள என்னன்னு சொல்றது?

அந்த மடங்காத முட்டியோடதான் ஓசூர் வந்து மூணு வருஷம் என் பொண்ணை வளத்தாங்க, நான் கம்பெனிக்கு ஷிஃப்ட்டு போனேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒருநாள் கூட வலிக்குதுன்னு சொல்லல, நானும் கேக்கல.

போன தை மாசம் தவறிட்டாங்க. போட்டோ தேடினா ஃபோன் முழுக்க முந்தானை மறைச்ச முகம்தான், கடைசியில ஆதார் போட்டோவைப் பெருசு பண்ணிப் போட்டோம். நோட்டீஸ்ல நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியை பெரியப்பா அடிச்சுட்டார். கூலி வேலை செஞ்சாங்கன்னு போட்டா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்கன்னார். பெரியவர், எதுத்துப் பேச முடியல. "அன்பின் உருவமே, பாசத்தின் பிறப்பிடமே"ன்னு அச்சாபீஸ்காரரே போட்டுக் கொடுத்தத அப்படியே அச்சடிச்சோம், அது யாருக்கு வேணாலும் பொருந்தும்.

உங்க பாட்டி கையால என்னென்ன செஞ்சாங்க, அது யாருக்குப் போச்சுன்னு உங்க அம்மாகிட்ட, அத்தைகிட்ட கேட்டு அதை எழுதுங்க. பெரியப்பா அடிச்ச வரி இதுதான்:

"எங்க ஆயா முப்பது வருஷம் புளி தட்டின காசுல ரெண்டு பேத்திங்களைப் படிக்க வச்சாங்க."