கேட்டைத் தாண்டினால் நடுங்கும் நாய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு வயதுப் பெண் நாயைத் தத்தெடுத்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் துள்ளி விளையாடுகிறாள். லீஷ் மாட்டி கேட்டைத் தாண்டினால் போதும், தரையோடு ஒட்டிப் படுத்துவிடுகிறாள். தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் இறக்கிவிட்டால் வீட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். எப்படிப் பழக்குவது?

பதில்: தூக்கிப்போய் இறக்கிவிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 'பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்' என்று நினைத்துத்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். பயந்த நாய் அப்படிப் பழகுவதில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அடங்கிப்போய் நிற்கிறது, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அது பழகியது போலவே தெரியும். லீஷைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்ப்பது நாயின் இயல்பு. அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி வீட்டுக்குள் தொடங்கட்டும். மார்பையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸைத் தரையில் போட்டு, அதைச் சுற்றித் தின்பண்டம் வையுங்கள். அடுத்து, கழுத்து நுழையும் வளையத்தை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவளே தலையை நீட்டித் தின்னட்டும். பிறகு மாட்டி ஒரு நிமிடத்தில் கழற்றிவிடலாம். அடுத்தடுத்த நாள்களில் ஐந்து, பத்து நிமிடம். அதன்பின் லீஷையும் கோத்து, உங்கள் கண்பார்வையில் அறைக்கு அறை நடக்கவிடுங்கள். ஹார்னஸைக் கையில் எடுத்ததும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போங்கள்.

அடுத்தது வாசல். கதவைத் திறந்து வைத்து, வெளியே போகாமல் ஐந்து நிமிடம் அங்கேயே உட்காருங்கள். தின்பண்டத்தைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி இருபது துண்டு வரை வைத்துக்கொண்டால் போதும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி நன்றாக வேலை செய்யும். எப்போதும் போடும் பிஸ்கட்டுக்கு இந்த இடத்தில் மதிப்பில்லை. பிறகு இரண்டடி வெளியே, உடனே உள்ளே. அவள் திரும்பினால் நீங்களும் கூடவே திரும்புங்கள். நினைத்தபோது உள்ளே போகலாம் என்பது உறுதியானால்தான் அடுத்த அடி வைக்கத் துணிவாள். தெரு அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, கொஞ்ச நாளைக்கு ஒரே ஐம்பது மீட்டரில் போய் வாருங்கள். மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றால் நிற்கட்டும். அவளுக்கு நடையைவிட அது முக்கியம்.

இனி, அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று பாருங்கள். பைக் என்று வைத்துக்கொள்வோம். பைக்கைக் கவனிக்கிறாள், காது நிமிர்கிறது, ஆனாலும் நீங்கள் கொடுப்பதைத் தின்கிறாள் என்றால் அதுதான் சரியான தூரம். முதலில் பைக் அவள் கண்ணில் பட வேண்டும், அதன்பிறகே உங்கள் கை தின்பண்டப் பைக்குள் போக வேண்டும். பைக் போனதும் தின்பண்டமும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறினால் காரியம் கெட்டது. ஒவ்வொரு முறையும் கோழியைக் காட்டிய பிறகு பைக் வந்தால், 'கோழி வந்தால் பின்னாலேயே பைக் வரும்' என்று கற்றுக்கொள்வாள். கோழியைக் கண்டாலே மிரளும் நாய்கள் இப்படித்தான் உருவாகின்றன.

வீட்டில் விழுந்து விழுந்து தின்கிற துண்டை வெளியே மோந்துகூடப் பார்க்கவில்லையா? பக்கத்தில் போய்விட்டீர்கள், விலகுங்கள். விரலையும் சேர்த்துக் கடிப்பதுபோல் வெடுக்கென்று பிடுங்கினாலும் அதே அர்த்தம்தான். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்பது, வாலை வயிற்றுக்கடியில் செருகுவது எல்லாம் அதற்கு முன்பே தெரியும்.

ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மிரண்டால் அது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். மறுநாள் பயிற்சியை விட்டுவிடுங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்குக் கிட்டத்திலேயே கூட்டிப்போய் உடனே திரும்பினால் போதும். சில நாய்களுக்குச் சில வாரம், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும்.

கேள்வி: பயந்து பின்வாங்கியபோது கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. சங்கிலி போட்டால் நிற்குமா?

பதில்: இறுகும் சங்கிலி வேண்டவே வேண்டாம். எதைப் பார்க்கும்போது கழுத்து வலிக்கிறதோ அதன்மேல் பயம் இன்னும் கூடும். மார்புப் பக்கம் ஆங்கில 'ஒய்' வடிவத்தில் இருக்கும் ஹார்னஸ் வாங்குங்கள். விலா எலும்பு முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில் இன்னொரு பட்டை இருந்தால் பின்னால் உருவிக்கொள்வது மிகக் கடினம். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் கூடாது. வீட்டுக்குள் நாயின் முன்னால் நின்று லீஷை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். தோள் வழியாகக் கழன்றால் அளவு சரியில்லை.

லீஷ் இரண்டு மீட்டரில் சாதாரண நாடாவாக இருக்கட்டும். தானாகச் சுருளும் லீஷில் எப்போதும் ஒரு இழுவை இருந்துகொண்டே இருக்கும். கைப்பிடி நழுவினாலோ, கடகடவென்று தரையில் மோதியபடி நாயைத் துரத்தும். அதற்குப் பயந்தே அது இன்னும் வேகமாக ஓடும். போன் நம்பர் பொறித்த வில்லை கழுத்துப்பட்டையில் இருக்க வேண்டும். மறுபடி தப்பினால் பின்னால் ஓடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பிக் குந்தி, சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள்.

கேள்வி: பயந்து நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் பயம் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. பரிசுக்காக யாரும் பயப்படுவதில்லை. உங்கள்மேல் சாய்ந்தால் தடவுங்கள், விலகினால் விட்டுவிடுங்கள். மேலே கவிந்து இறுக்கிக் கட்டிக்கொள்வதுதான் தவறு.

கேள்வி: ஐந்து வயது நாய். நன்றாக நடந்துகொண்டிருந்தது, திடீரென்று வெளியே வர மறுக்கிறது. இதற்கும் இதே பயிற்சிதானா?

பதில்: முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் வெட்டு, உடைந்த நகம், மூட்டுவலி, காதுப் புண் எதுவாகவும் இருக்கலாம். வெயில் நேரத்தில் மட்டும் மறுக்கிறதா என்றும் கவனியுங்கள். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு வாசலிலிருந்து தொடங்கலாம். பல வாரம் ஆகியும் வாசலில்கூடத் தின்ன மறுத்தால், பதற்றத்தைக் குறைக்கும் மருந்து பற்றி அவரிடமே கேளுங்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகலாம். மனிதர்களுக்கான மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.