ஓய்வூதியம் இல்லாத படைவீரரின் மனைவிக்கு என்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: என் அப்பா 1971-ல் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து 1980-ல் வெளியே வந்தார். ஓய்வூதியம் கிடையாது. திருமணம் 1983-ல் நடந்தது. சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 66 வயது, வருமானம் எதுவும் இல்லை. தங்கைக்கு வரும் தையில் கல்யாணம். படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் அறக்கட்டளை என்று சொல்லி ஒருவர் வந்தார். 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் மாதந்தோறும் பணம் வாங்கித் தருகிறாராம். நம்பலாமா? உண்மையில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: அந்த 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு உதவி கிடைக்கக்கூடிய வழி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான் அது. அங்கே விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை. கணவரை இழந்த ஒரு முதிய பெண்ணின் நிலையைப் பயன்படுத்திக் காசு பார்ப்பவர்கள் மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. முடிந்தால் வந்தவரைப் பற்றி அந்த அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் சொல்லிவையுங்கள்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் வசூல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1949 முதல் நடக்கிறது. மத்திய அரசின் படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்துதான் பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதிக்குப் பணம் போகிறது. அந்த நல நிதியின் உதவிகள் பெரும்பாலும் ஹவில்தார் தரம் வரையிலானவர்களுக்கு உரியவை. உங்கள் அப்பா சிப்பாய் என்பதால் தர வரம்பு தடையாக இருக்காது.

உங்கள் அம்மாவுக்குப் பொருந்தக்கூடியது வறுமை நிவாரண உதவி. 65 வயதைக் கடந்த, ஓய்வூதியமும் நிலையான வருமானமும் இல்லாத முன்னாள் படைவீரருக்கோ அவருடைய கைம்பெண்ணுக்கோ இது வழங்கப்படுகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த தொகை, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மகளின் திருமண உதவியும் அப்போதே 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. இரண்டு மகள்கள் வரை பெறலாம். ஆனால் இது கல்யாணம் முடிந்த பிறகு, திருமணச் சான்றுடன் கேட்க வேண்டிய உதவி. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க இதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். திருமணத்தை உடனே பதிவு செய்யுங்கள். 180 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. அரசின் கணக்கில் உங்கள் அப்பா ‘முன்னாள் படைவீரர்’தானா? ராணுவத்தில் பணிபுரிந்த எல்லோரும் அந்த வரையறைக்குள் வந்துவிடுவதில்லை. அவர் வெளியே வந்தபோது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட காரணம் என்ன என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வந்திருந்தால் நிலைமை வேறு. ஓய்வூதியத்துக்கு முன்பே சொந்த விருப்பத்தின்பேரில் விலகியிருந்தால் சிக்கல் வரலாம். வரையறை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எந்த ஆண்டில் வெளியே வந்தாரோ, அந்தக் காலத்துக்குரிய விதிதான் பொருந்தும். எனவே, ‘ஒன்பது வருஷம்தானே, கிடைக்காது’ என்று கவுன்டரில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘ரிசர்வுக்கு மாற்றப்பட்டார்’ என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலத்தில் சில ஆண்டுகள் படைப்பணி, அதன்பின் சில ஆண்டுகள் ரிசர்வ் (வீட்டில் இருந்தாலும் தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படும் நிலை) என்று ஒப்பந்தம் இருந்தது. இரண்டும் சேர்ந்து 15 ஆண்டுகள் நிறைந்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் உண்டு. அதைக் கேட்காமலே இருந்துவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அப்பாவின் படை எண்ணைக் குறிப்பிட்டு அவருடைய ரெஜிமென்டின் பதிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதிய உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் அதைத் தொடருங்கள். வறுமை உதவியைவிட அது உறுதியானது.

புத்தகம் தொலைந்துவிட்டதா? காவல் நிலையத்தில் புகார் அளித்து, அந்த ரசீதுடன் பதிவு அலுவலகத்திடம் மாற்றுச் சான்று கேட்கலாம். படை எண்ணே தெரியாவிட்டால் பழைய கடிதங்கள், பதக்கங்களின் விளிம்பு, மணியார்டர் ரசீது என்று எல்லாவற்றிலும் தேடுங்கள். பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

அடுத்த தடை பெயர். அப்பாவின் திருமணம் அவர் வெளியே வந்த பிறகு நடந்திருக்கிறது. ஆகவே அம்மாவின் பெயரோ உங்கள் இருவரின் பெயரோ ராணுவப் பதிவில் இருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான். திருமணச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட நல அலுவலகத்துக்குப் போய், பெயரைச் சேர்ப்பதற்கான நடைமுறையைத் தொடங்குங்கள். கைம்பெண் அடையாள அட்டையும் அங்கேதான் வாங்க வேண்டும். ஓரிடத்தில் ‘முத்துசாமி’, இன்னோரிடத்தில் ‘முத்துச்சாமி’ என்பது போன்ற எழுத்து வேறுபாடு இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே உறுதிமொழிப் பத்திரத்தால் சரிசெய்துவிடுங்கள். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு நேராக வருவதால் அம்மா பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும்.

நல நிதிக்கான விண்ணப்பத்தை, முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அரசின் அமைப்பான மத்திய சைனிக் போர்டின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மூல ஆவணங்களை மாவட்ட அலுவலகம் சரிபார்க்கும். அம்மா முதியோர் உதவித்தொகையோ வேறு மாதாந்திர உதவியோ பெற்றுவந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரியவந்தால் தொல்லை.

தனியார் தொண்டு அமைப்புகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். நல்ல அமைப்புகள் உண்டு. 1966-ல் தொடங்கப்பட்ட ராணுவ மனைவியர் நலச் சங்கம் பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் பல ஆண்டுகளாகத் துணை நிற்கிறது. ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் புனே அருகிலுள்ள குயின் மேரிஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1917-ல் தோன்றியது. உதவி கேட்டு வருபவரிடம் முன்பணம் கேட்பது தொண்டு அமைப்பின் வழக்கமே அல்ல. வருமானவரி விலக்குச் சான்றைக் காட்டுகிறார்களே என்று மயங்க வேண்டாம். அது நன்கொடை கொடுப்பவருக்கான சலுகை, பெறுபவருக்கான உத்தரவாதம் அல்ல.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களின் குடும்பத்தினரும் இதே கேள்வியை அனுப்புவதால் ஒரு வார்த்தை. அந்தப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்குரிய நலத்திட்டங்கள் தனி.

நல அலுவலகத்துக்குப் போகும்போது இரண்டு நகல் தொகுப்புகளுடன் போங்கள். கொடுத்த எதற்கும் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் வேண்டும். வரையறைக்குள் வரவில்லை என்று உறுதியானால், அங்கேயே படைவீரர் குடும்பங்களுக்கான மாநில அரசின் தொகுப்பு நிதியில் அம்மாவுக்கு ஏதேனும் வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.