நாலு எழுத்தை நம்பி பேப்பர் போடலாமா?

வணக்கம் சார்,

ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், ஏழு வருஷம் ஆச்சு. ஃப்ரெண்டு அனுப்பின லிங்க்ல, ஆளுங்களை நாலு நாலு எழுத்தா பதினாறு டைப்பா பிரிக்கற பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தேன், என் டைப் ஐ.என்.எஃப்.பி-ன்னு வந்துச்சு. அப்படியே என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு, கண்ணு கலங்கிருச்சு. எழுத்து, கவுன்சிலிங்லாம் எனக்கு செட் ஆகும்னு போட்டிருக்கு. இங்க புது பசங்களுக்கு பக் ரிப்போர்ட், அதான் சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பைப் பத்தின குறிப்பு, எழுதச் சொல்லிக் கொடுக்கறப்ப மட்டும்தான் டைம் போறதே தெரியாது, மத்ததெல்லாம் கடனேன்னுதான் பண்றேன். பேப்பர் போட்டு வேலைய விட்டுடலாமா? என் மேனேஜர் என்ன டைப்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்ணு கலங்கினதுல ஒண்ணும் தப்பில்ல. நம்ம வீடுகள்ல மார்க் என்ன, சம்பளம் என்னன்னுதான் கேப்பாங்க, நீ எப்படிப்பட்ட ஆளுன்னு யார் உக்காந்து பேசியிருக்காங்க. ஆனா "என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருக்கு"ங்கறதை மட்டும் ஆதாரமா வெச்சுக்காதீங்க. 1948ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் 39 ஸ்டூடண்ட்ஸுக்கு டெஸ்ட் வெச்சு, இதான் உன் ரிசல்ட்னு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துதுன்னு மார்க் போடச் சொன்னார். அஞ்சுக்கு சராசரி 4.26 வந்துச்சு. அத்தனை பேருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதுவும் பெரும்பாலும் ஒரு ஜோசிய புக்ல இருந்து உருவினது!

உங்க ஸ்க்ரீன்ஷாட்டைப் பெருசாக்கிப் பாத்தேன். இன்ட்ரோவர்ட், அதாவது கூட்டத்தைவிட தனிமைல தெம்பாகற ஆள், 53 சதவீதம்; ஐ.என்.எஃப்.பி-ல முதல் 'ஐ' அதுதான். ரெண்டு கேள்விக்கு வேற மூடுல பதில் அமுக்கியிருந்தா முதல் எழுத்தே மாறியிருக்கும், நீங்களும் வேற பக்கத்தைப் படிச்சு கலங்கியிருப்பீங்க. ஜனங்க இந்த விஷயத்துல ரெண்டு கூட்டமா பிரிஞ்சு நிக்கறதில்ல, முக்காவாசிப் பேர் நடுவுலதான் நிக்கறாங்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவுலயே கோட்டைப் போட்டா எப்படி. அதனாலதான் சில வாரம் கழிச்சு திரும்ப எழுதறவங்கள்ல நிறைய பேருக்கு டைப் மாறிடுது. ஆராய்ச்சி பண்றவங்க அதிகம் நம்பறது அஞ்சு குணங்களை அளக்கற பிக் ஃபைவ்ங்கற முறையைத்தான், அதுல பெட்டி கிடையாது, எந்த குணம் எவ்வளவுன்னு அளவு மட்டும்தான்.

இந்த நாலெழுத்து எங்கிருந்து வந்துச்சுன்னா, ஸ்விட்சர்லாந்து மனநல டாக்டர் யுங் 1921ல எழுதின புத்தகத்தை வெச்சு கேதரின் பிரிக்ஸ், அவங்க பொண்ணு இஸபெல் மயர்ஸ்னு ரெண்டு பேர் உருவாக்கினது. ரெண்டு பேருமே சைக்காலஜி படிச்சவங்க இல்ல. இஸபெல் அதுக்கு முன்னாடி துப்பறியும் நாவல் எழுதி பரிசெல்லாம் வாங்கினவங்க. ரெண்டாம் உலகப்போர் வந்து ஆளாளுக்கு பழக்கமில்லாத வேலைக்குப் போக வேண்டி வந்தப்ப, யாருக்கு எது பொருந்தும்னு சொல்ல ஒரு வழி வேணும்னு இறங்கினாங்க, டெஸ்ட் தயாரிக்கற வேலைய ஃபிலடெல்பியால ஒரு பேங்க் பர்சனல் மேனேஜர்கிட்டப் போய் கத்துக்கிட்டாங்க. 1980ல சாகற வரைக்கும் அதுதான் அவங்க வேலை. அந்தம்மாவுக்கே அவங்க வேலை எந்த டெஸ்ட் எழுதியும் கிடைக்கல, கண்ணு முன்னாடி இருந்த ஒரு தேவையில இறங்கித்தான் கிடைச்சுது.

உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது அந்த பக் ரிப்போர்ட் வரிதான், நீங்க போற போக்குல எழுதிட்டீங்க. ஒரு புதுப் பையன் "லாகின் ஆகல"ன்னு மொட்டையா எழுதியிருப்பான், எந்த பிரவுசர், எந்த ஸ்டெப்ல நின்னுச்சு, என்ன மெசேஜ் வந்துச்சுன்னு நீங்க கேட்டுக் கேட்டு எழுத வெச்சிருப்பீங்க. கவனிச்சுக் கேக்கறது, எழுத்து, சொல்லித் தர்றது மூணும் அதுலயே இருக்கு, அதுவும் ஏழு வருஷமா சம்பளத்தோட. இதை எந்த டெஸ்ட்டும் உங்ககிட்ட கேக்கல பாருங்க. டைப் படிச்சதுல நம்மளப் பத்திப் பேச நாலு வார்த்தை கிடைக்கும், அது வரைக்கும் சரி, மேல தெரியணும்னா டைம் போனது தெரியாத வேலை எது எதுன்னு கொஞ்ச நாள் குறிச்சு வைங்க.

பேப்பர் இப்ப வேண்டாம். மேனேஜர் டைப்பை கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க, அவர்கிட்ட அடுத்த பேட்ச் ட்ரெய்னிங்கை உங்க பேர்ல போட முடியுமான்னு கேளுங்க, அப்ரைசலுக்கு முன்னாடியே.